நான்கு முடிச்சுகளும் நான் துடைத்த பதினொரு படங்களும்

ஆவணப் பணிக்குப் புதியவர்களாய் வந்திருக்கும் உங்களுக்கு ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கே எழுதுவன அனைத்தும் நானே கண்டவை. அல்லது, தம்முள் கலந்து பேச வாய்ப்பில்லாத இருவர் தனித்தனியே ஒரே வகையாகச் சொன்னவை. அல்லது, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளில் பதிந்திருப்பவை. இம்மூன்றிலும் அடங்காதவற்றை, எவ்வளவு சுவையாக இருப்பினும், விட்டுவிட்டேன். சரிபார்க்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை ஒரு பிற்பகலில் என்னை எவ்வளவு நெருங்கி வந்தது என்பதுதான் நான் சொல்லப்போகும் செய்தி. அதைச் சொல்லும்போதே அவ்வாசைக்கு இடங்கொடுத்தால் நகைப்புக்கு ஆளாவேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். இதில் வரும் பெண்கள் யாவரும் இன்று நாம் திருநங்கையர் என்று மதிப்போடு குறிக்கும் சமூகத்தினர். எழுபதுகளின் இறுதியில் அச்சொல் வழக்கில் இல்லை. ஊர் வழங்கிய சொற்களோ நம் பதிவேட்டில் ஏற்றத் தக்கவையல்ல. அவர்களையே கேட்டோம். “ஆரப்பாளையத்து வீடுன்னு போடுங்க, போதும்” என்றார்கள், அப்படியே போட்டோம். சரோஜா, செல்வி, கனகா, மரகதம் என்பன அவர்கள் தாமே விரும்பி ஏற்ற பெயர்கள். அவற்றுக்கு முந்திய பெயர் எதுவென்று நாங்கள் கேட்டதில்லை. கேளாமல் விடுவதும் இப்பணியில் ஒரு திறமை.

நான் வேலை பார்த்த இடம் ஓர் அறக்கட்டளை நூலகத்தின் பின்கட்டு. மதுரையில், கோரிப்பாளையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். சுவடிகள், பழைய திருமண அழைப்புகள், நாடகத் துண்டறிக்கைகள், கோயில் திருவிழா அறிவிப்புகள் என்று ஊரில் பிறர் எறிந்தவற்றை வைத்திருந்தோம். காப்பாளர் ஒருவர், நான் ஒருவன். காப்பாளர் மெலிந்த உடலும் உரத்த தும்மலும் உடையவர். தூசிக்கு ஆகாத மூக்கை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் தூசியிலேயே வேலை செய்தார். எனக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. வகைப்படுத்துவதில் என்னை விஞ்ச ஆளில்லை என்ற எண்ணமும் இருந்தது. பின்னர் நடந்தவற்றுக்கு அவ்வெண்ணமே காரணம்.

ஒரு மழைக்காலத்து முற்பகலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தகரப் பெட்டி ஒன்றை முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு இரு பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் சரோஜா, அந்த வீட்டின் தலைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும், நெடிய உருவம், கரகாட்டக் குழுக்களோடு பல ஊர்களைச் சுற்றி ஆடியவர். பின்னால் வந்தவர் கனகா. எதையும் நம்பாதவர் என்பது அவர் ஆட்டோக்காரரிடம் பேசிய இரண்டு வாக்கியங்களிலேயே தெரிந்தது. வீட்டின் ஓடு ஒழுகுகிறது, பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது, கரையானும் ஏறுகிறது, பழைய தாள்களைக் காக்கும் இடம் இது என்று யாரோ சொன்னார்கள் என்பது சரோஜா கூறிய காரணம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காப்பாளர் கேட்டார்.

“ஐயா, ஊருல எல்லாருக்கும் ரேஷன் கார்டு இருக்கு. எங்களுக்கு அது கிடையாது. எங்களுக்கு இந்தப் பெட்டிதான்” என்றார் சரோஜா.

காப்பாளர் அன்றே பெற்றுக்கொண்டார். பின்னர் நிர்வாகக் குழுவில் ஒருவர், இந்தப் பெட்டிக்கும் மதுரை வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று வினவியபோது, “இவங்க மதுரையிலதான இருக்காங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தும்மினார். பேச்சு அதோடு முடிந்தது.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு துணி மூட்டைகள்; நான்கும் வெண்புள்ளிகள் நிறைந்த சுங்குடி; சிவப்பு, நீலம், பச்சை, அரக்கு என்று நிறம் வேறு. ஒவ்வொன்றும் முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தால் நிழற்படங்கள், கடிதங்கள், கரகாட்டத் துண்டறிக்கைகள், ஒற்றைச் சலங்கைகள், கண்ணாடி வளையல் துண்டுகள், கொண்டை ஊசிகள், சித்திரைத் திருவிழாவில் வாங்கிய விசிறி ஒன்று, அழகர்கோவில் படிக்கட்டில் ஒன்பது பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று. நான்கிலும் எல்லாம் கலந்து கிடந்தன. எனக்குக் கை துறுதுறுத்தது.

ஒரே வாரத்தில் வேலையை முடித்தேன். படங்களை அளவு வாரியாக அடுக்கினேன். கடிதங்களை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தினேன். அறிக்கைகளைத் தனி உறையில் இட்டேன். உலோகப் பொருள்களுக்குத் தனிப் பெட்டி தந்தேன். நான்கு துணிகளையும் நீவி மடித்து ஓர் இழுப்பறையில் வைத்து, ‘சுங்குடித் துணி, நான்கு’ என்று சீட்டு ஒட்டினேன். அந்தச் சீட்டின் கையெழுத்து அழகாக இருந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஒரு குறைதான் உறுத்தியது. மழையீரத்தில் துணிகளின் சாயம் இறங்கி, தாள்களின் ஓரத்திலும் படங்களின் முதுகிலும் கறையாகப் படிந்திருந்தது. படங்களையாவது தூய்மைப்படுத்தலாம் என்று பஞ்சும் நீருமாக உட்கார்ந்தேன். ஒற்றி ஒற்றி எடுக்கச் சாயம் நன்றாகவே வந்தது. பதினொன்றாவது படத்தை உலர வைத்தபோது காப்பாளர் வந்து நின்றார்.

“கறை எங்கெங்க எப்பிடி இருந்துச்சுன்னு எழுதி வச்சீரா?”

“அழுக்குத்தானே ஐயா.”

“அழுக்குன்னு நீரு முடிவு பண்ணிட்டீரு. எழுதுறதுக்கு முன்னாடி தொடாதீரும்.”

எழுதும் வேலை எனக்குச் சலிப்பூட்டுவது. ஆகவே துடைப்பதையே நிறுத்திவிட்டேன். காப்பாளரும் அந்தக் கறைகளின் பொருளை அறிந்து சொன்னவரல்லர். அறியாததைத் தொடக்கூடாது என்ற ஒரே விதியைச் சொன்னார். எஞ்சியவை தப்பியது என் சோம்பலால். உண்மையைச் சொல்வதாக வாக்களித்திருப்பதால் இதையும் சொல்கிறேன்.

மாசி மாதத்தில் சரோஜா மீண்டும் வந்தார். உடன் கனகா, மூன்றாவதாக எனக்குப் புதிய ஒருவர். அவர்தான் செல்வி. முப்பதுக்கு மேல் வயது. பம்பாயிலிருந்து வந்து நான்கு நாளாகியிருந்தது. தோளில் மாட்டிய பையை உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. சரோஜா செய்தியைச் சுருக்கமாகச் சொன்னார். அதை உங்களுக்குப் புரியும்படி சற்று விரிக்கிறேன்.

அந்த வீட்டில் தாய், மகள் என்னும் உறவு பிறப்பால் வருவதன்று, ஏற்பால் வருவது. மூத்தவர் ஒருவர் இளையவரை மகளாக ஏற்கும் நாளில், தாய் மகளின் வாயில் சர்க்கரை இடுவார். மகள் தன்னுடைய பொருள் ஒன்றைத் தாயின் சுங்குடித் துணியில் வைப்பாள். அந்த வீட்டைத் தொடங்கிய மூத்தோர் நால்வருக்கும் ஆளுக்கொரு துணி. நால்வரும் மறைந்துவிட்டார்கள். சிவப்புத் துணிக்குரிய மரகதம் என்பவருக்கு ஆண்டுதோறும் பங்குனியில் நினைவு நாள். அன்று அவர் படத்துக்கு முன் வரிசையில் நின்று பூ வைக்கும் உரிமை, அவருடைய மகள்களுக்கும் மகள்களின் மகள்களுக்கும் மட்டுமே உண்டு. சரோஜா மரகதத்தின் மகள். கனகா பச்சைத் துணிக்குரியவரின் மகள்.

செல்வியும் தான் மரகதத்தின் மகளே என்றார். இளம் வயதில் அந்த வீட்டுக்கு வந்து, தன் நிழற்படம் ஒன்றைத் துணியில் வைத்து ஏற்கப்பட்ட ஒரு மாதத்திலேயே பம்பாய் சென்றுவிட்டாராம். எழுதத் தெரியாததால் கடிதம் ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் சரோஜா கரகாட்டக் குழுவோடு தஞ்சைப் பக்கம் போயிருந்தார். கனகா அந்த வீட்டுக்கே வந்திருக்கவில்லை. அப்போது உடனிருந்தவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. மரகதம் இறந்த செய்தி பம்பாயில் யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. வரிசையில் நின்று ஒரு பூ வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

கனகா இடைமறித்தார். “இப்பிடித்தான் போன வருசமும் ஒருத்தி அழுதுக்கிட்டு வந்தா. பத்து நா இருந்து தின்னுட்டு, போகும்போது என் பட்டுப் பாவாடைய எடுத்துட்டுப் போயிட்டா.”

“ஒன் பாவாட எனக்குப் பத்தாதுக்கா, பாத்தாலே தெரியலயா?” என்றார் செல்வி. கனகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

சரோஜா என்னைப் பார்த்தார். “பேச்சு எதுக்கு? தம்பி, அம்மாவோட செவப்பு முடிச்ச எடுங்க. இவ வச்ச போட்டோ அதுல இருந்தா இவ எங்கூடப் பொறந்தவ.”

நான் பெருமையோடு இழுப்பறைகளைத் திறந்து காட்டினேன். படங்கள் அளவு வாரியாக. கடிதங்கள் ஆண்டு வாரியாக. சரோஜா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, மடித்திருந்த துணிகளுக்கு வந்தார். முடிச்சுகள் எங்கே என்று கேட்டார். அவிழ்த்துவிட்டேன் என்றேன். எது எதில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாலு குடும்பத்த ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டீகளே தம்பி.”

வகைப்படுத்துவதாக எண்ணி நான் ஒரு குலமரபையே கலைத்திருந்தேன். அடுக்கு என்பது நான் கொண்டுவந்து சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். அடுக்கு ஏற்கெனவே இருந்தது. அதைக் கட்டியவர்கள் என்னைவிட நன்றாக அறிந்து கட்டியிருந்தார்கள். வந்த பொருளை வந்த அமைப்பிலேயே பதிவு செய்யாமல் ஒரு முடிச்சையும் அவிழ்க்காதீர்கள். இதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை.

செல்வி மட்டும் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒன்றை உருவி எடுத்தார். சித்திரைத் திருவிழாக் கடைகளில் வைத்திருப்பார்களே, அட்டை விமானம், அதற்குள் தலையை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் இளையவர்; தாவணி; இடப் புருவத்தில் ஒரு வெட்டு. செல்வியின் புருவத்திலும் அவ்வெட்டு இருந்தது. கனகா படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “பிளேன்ல ஏறுனது நீதான்” என்று ஒப்புக்கொண்டார். செல்வி இந்த வீட்டின் மகளே என்பது அதனால் உறுதியாயிற்று. யாருடைய மகள் என்பதே எஞ்சியது. அது தெரியாமல் வரிசையில் இடமில்லை. நினைவு நாளுக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை என் தவற்றைக் காப்பாளரிடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. துணிகளையும் தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். கடிதம் ஒன்றின் ஓரத்தில் சிவப்புக் கறை. அந்தக் கறைக்குள்ளே சாயம் ஏறாத சிறு வெண்புள்ளிகள், வரிசையாக. சிவப்புச் சுங்குடியை எடுத்து அருகில் வைத்தேன். புள்ளிக்குப் புள்ளி ஒத்தது. சாயமேற்றுமுன் புள்ளிகளுக்காக முடிச்சிட்டவர் கைக்கு ஏற்ப ஒவ்வொரு துணியிலும் புள்ளிகளின் இடைவெளி வேறு. மழை ஒழுகி ஒழுகி, எந்தப் பொருள் எந்தத் துணியில் இருந்தது என்பதைத் தானே எழுதி வைத்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து மூவரும் நாள்தோறும் வந்தார்கள். தரையில் நான்கு துணிகளையும் விரித்தோம். ஒரு பொருளை நான் எடுத்து நிறம் சொல்வேன். கனகா புள்ளியை ஒத்துப் பார்ப்பார். சரோஜா தலையசைத்த பிறகே துணிமேல் வைப்பேன். நிறம் ஒத்துப் புள்ளி ஒவ்வாவிட்டால் ஒதுக்கினோம். சிவப்பையும் அரக்கையும் நிறத்தால் மட்டும் பிரிக்க முயன்று இருமுறை தவறினேன். இருமுறையும் கனகா கண்டுபிடித்தார். எதையும் நம்பாதவரைச் சரிபார்க்கும் வேலையில் அமர்த்துங்கள். அவரை விடச் சிறந்தவர் கிடைக்கமாட்டார். வேலைக்கிடையே அவர்கள் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் இங்கே எழுத இயலாது. அறைக்கு வெளியே படித்துக்கொண்டிருந்த முதியவர்கள் நாற்காலிகளை மெல்ல மெல்லக் கதவருகே நகர்த்தி வந்தார்கள் என்பதை மட்டும் குறிக்கிறேன்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் எல்லாம் முடிந்தது, நான் துடைத்த பதினொரு படங்களைத் தவிர. அட்டை விமானப் படம் அப்பதினொன்றில் ஒன்று. அது எனக்கு எட்டு நாளாகத் தெரியும். சொல்லத் துணிவின்றிக் கடைசிவரை தள்ளி வைத்திருந்தேன்.

படத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். மாசின்றி வெளேரென்று இருந்தது.

செல்வி கேட்டார்: “நீங்கதான துடைச்சது? பஞ்சுல என்ன கலரு வந்துச்சு?”

நால்வரும் என்னையே பார்த்தார்கள். காப்பாளர் தம் மேசையில் பேனாவை மூடிவைத்தார். அந்நொடியில் என் மனக்கண்ணில் சிவப்புப் பஞ்சு ஒன்று தெளிவாகத் தெரிந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அது அந்தப் படத்தின் பஞ்சா, அடுத்த படத்தின் பஞ்சா? சிவப்பா, அரக்கா? சிவப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஒருவருக்கு ஒரு தாய் கிடைப்பாள், எவருக்கும் இழப்பில்லை, மறுத்துரைக்கச் சான்றும் இல்லை. நான் சொல்வதை அவர்கள் ஏற்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். எனக்கு அச்சமூட்டியது அதுதான். அன்பினால் ஒன்றை நான் சிவப்பாக்கினால், ஒன்பது நாளாக நாங்கள் வைத்த ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் அன்பினால் வைக்கப்பட்டது என்று ஆகிவிடும். அதன்பின் கனகாவின் தாயும் உறுதியில்லை, சரோஜாவின் தாயும் உறுதியில்லை.

“தெரியவில்லை அம்மா. துடைத்தபோது நான் எழுதி வைக்கவில்லை. பிழை என்னுடையது” என்றேன்.

செல்வி படத்தை வாங்கி அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு, “ஒரு வார்த்தைதான கேட்டேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரேன், அந்த ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். ரயிலுக்கு எந்நேரத்தில் வண்டி பிடிக்க வேண்டும் என்று கனகாவைக் கேட்டார். பாவாடைக்காகச் சண்டையிட்ட கனகா சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சரோஜாதான் பேசினார். “உக்காருடி. அவருக்குத் தெரியாது, எனக்குந் தெரியாது. தெரியாததுக்கு ஒன்னும் பண்ண முடியாது. தெரிஞ்சதுக்குப் பண்ணலாம்ல?” என்று சொல்லி, காப்பாளரிடம் திரும்பினார். “ஐயா, டீக்கு வச்சிருக்கிற சீனி இருக்கா?”

நம் அறையில் உண்பொருளுக்கு இடமில்லை. எறும்பு வரும், எறும்புக்குப் பின் வேறு பூச்சிகள் வரும் என்று காப்பாளர் ஒரு வேர்க்கடலையைக்கூட உள்ளே விட்டதில்லை. அவர் எழுந்து போய், நூலகத்தார் தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரைப் புட்டியைத் தம் கையாலேயே கொண்டுவந்தார்.

சரோஜா அதுவரை எவரையும் மகளாக ஏற்றவரல்லர். அந்த ஒன்பது நாளில் கனகா அதைச் சொல்லிப் பலமுறை கேலி செய்திருந்தார். ‘எனக்கு நானே பாரம், இதுல மக வேறயா’ என்பதே சரோஜாவின் விடையாக இருந்தது. இப்போது ஒரு சிட்டிகைச் சர்க்கரையை எடுத்துச் செல்வியின் வாயருகே நீட்டினார்.

“எம் மகளா இருக்கியா? இருந்தேன்னா அம்மாவுக்குப் பேத்தி. பேத்திக்கும் வரிசையில எடம் இருக்கு.”

செல்வி அவரை உற்றுப் பார்த்தார். அழுதார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், அவர் அழவில்லை. “மகளா வந்தவளப் பேத்தியாக்குறீகளே” என்றார். பிறகு வாயைத் திறந்தார். சர்க்கரையை மென்றுகொண்டே கனகாவிடம், “பாத்துக்கக்கா, ஒரே நாள்ல ஒரு தலைமுறை எளசாயிட்டேன்” என்றார்.

“ஆமாமா, இனிமே என்னையப் பெரியம்மான்னு கூப்புடு” என்றார் கனகா.

தாயான சரோஜாவுக்கென்று துணி இல்லையே என்று நான் நினைவூட்டினேன். முறைமை தவறக்கூடாதல்லவா! சரோஜா மறுநாள் மஞ்சள் நிறச் சுங்குடி ஒன்றை வாங்கி வந்தார். அட்டை விமானப் படத்தைச் செல்வி அதில் வைக்க, சரோஜா முடிச்சிட்டார். ஐந்து முடிச்சுகளும் எந்நாளில், எவர் கையால், என்னென்ன பொருளோடு கட்டப்பட்டன என்பதை நான் எழுதினேன். கனகா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். சாயம் படாதிருக்க இடையில் வெள்ளைத் தாள் வைத்தேன். படங்களின் முதுகில் இருந்த கறைகளை இன்றுவரை எவரும் துடைக்கவில்லை. காப்பாளர் தாமே தரையைப் பெருக்கினார். பெருக்கும்போது இருபது தும்மலாவது தும்மியிருப்பார்.

பங்குனியில் அந்த வீட்டுக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். வரிசையின் கடைசியில் செல்வி நின்றார். தோளில் பை இல்லை. அவர் பூ வைத்ததை நான் கண்டேன்.

அறியப்பட்டவை இவ்வளவே. அறியப்படாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு படங்களில் நான்கின் இடத்தை, கடிதங்களில் இருந்த குறிப்புகளைக் கொண்டு பின்னர் உறுதி செய்தோம். ஏழின் இடம் தெரியவில்லை. அழகர்கோவில் படிக்கட்டில் நிற்கும் ஒன்பது பேரில் மூவரின் பெயர் தெரியவில்லை. செல்வியை முதன்முதலில் மகளாக ஏற்றவர் மரகதமா, மற்ற மூவரில் ஒருவரா என்பது தெரியவில்லை; இனித் தெரியவரும் என்று கருதவும் இடமில்லை. அவருடைய சீட்டில் ‘தாய்’ என்னும் இடத்தில் இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரி, ‘அறியப்படவில்லை’. இரண்டாம் வரி, ‘சரோஜா’.